ஃப்ரிட்ஜ் கதவு மூடப்படவில்லை

மார்ச் 3, செவ்வாய்

ஒன்பது நாளுக்குப் பிறகு இன்று காலை மனைவி கூப்பிட்டாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கு. மூடுங்க."

போய் மூடினேன். "மூடிட்டேன்" என்று சொல்லும்போது அந்தப் பக்கம் யாரும் இல்லை. மொத்தம் பதினோரு வினாடி. அதில் நான்கு வினாடி நான் நுரையைத் துப்பியது.

அந்த ஃப்ரிட்ஜ் போன வருடம் வாங்கியது. கதவு ஐந்து நிமிடம் திறந்திருந்தால் அவள் கைபேசிக்குச் செய்தி போகும். வாசல் பூட்டு, வாஷிங் மெஷின், தரை பெருக்கும் ரோபோ, கார் எல்லாமே அப்படித்தான். இணைத்தது அவள். கடவுச்சொற்கள் தெரிந்ததும் அவளுக்கு மட்டும். போகும்போது மூன்று பைகளையும் மகளையும் எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனாள். மீதிப் பேர் இங்கே இருக்கிறோம்.

மார்ச் 4, புதன்

ஃப்ரிட்ஜ் கதவை இரண்டு முறை அழுத்திப் பார்த்து நன்றாக மூடினேன். யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவில் வைத்துக்கொள்வேன். எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் வேலையாக லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தேன். முழங்கால் வரை தண்ணீர். வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஃபோன். ஸ்கேன் எடுக்கும் படிப்பு, ஒரு வருடம், உங்கள் மனைவிக்கு இடம் கிடைத்திருக்கிறது, அவருடைய ஃபோன் எடுக்கவில்லை, சேருகிறாரா, சாயங்காலத்துக்குள் தெரிய வேண்டும் என்றார்கள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். வேலை நேரத்தில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். இரண்டாவது எண்ணாக என் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

"அவங்களுக்கு இப்ப வசதிப்படாதுங்க" என்றேன்.

ஒரு ஃப்யூஸ் மாற்றும் நேரம்கூட ஆகவில்லை. அவளிடம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை, பிறகு சொல்லாமலிருப்பது பழகிவிட்டது. அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு. மகள் சுண்டுவுக்கு ஷூ வாங்கக் காரில் போய்க்கொண்டிருந்தோம். அவள் என் பக்கத்தில், மகள் பின்னால். அண்ணன் கூப்பிட்டார். ஃபோன் தானாகவே காரோடு சேர்ந்துகொண்டது. நான்கு ஸ்பீக்கரிலும் அண்ணன்:

"டேய், அந்தக் காலேஜ்காரங்க மறுபடி கூப்பிட்டாங்களா? நீ வேண்டாம்னு சொன்னது அவளுக்குத் தெரியாதுல்ல?"

சிவப்புப் பொத்தானை அமுக்கப் போய் ஒலியைக் கூட்டிவிட்டேன். "தெரியாதுல்ல?" என்று அண்ணன் இன்னும் பலமாகக் கேட்டார்.

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "பச்சை விழுந்துருச்சு, போங்க" என்றாள்.

ஷூ வாங்கினோம். ஒரு அளவு பெரிதாக, வளரும் பிள்ளை என்று. சாயங்காலம் பை கட்டினாள்.

ஏன்டா அப்படிச் சொன்னே? சரி, சொல்லித் தொலைச்சே, அதை ஏன் மறைச்சே? பதில் தெரிந்தால் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

தரை பெருக்கும் ரோபோவுக்கு ஆமை என்று மகள் பெயர் வைத்திருக்கிறாள். மத்தியானம் மனைவியிடமிருந்து ஒரு செய்தி: "ஆமை சோபாவுக்கு அடியில மாட்டிக்கிச்சு."

நான் அந்தச் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன். காலுக்கடியில் ஏதோ முனகுவது கேட்டது, வயிறு என்று நினைத்தேன். இழுத்து வெளியே விட்டேன். நன்றி சொல்லாமல் போய் மறுபடி அங்கேயே நுழைந்தது.

மார்ச் 9, திங்கள்

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும்.

காலை ஏழு மணிக்கு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வயது நாற்பத்தாறு. பதினான்கு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கதவு திறந்தபடி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். இரண்டாவது நிமிடம் ஃப்ரிட்ஜ் கத்தத் தொடங்கியது. ஏழாவது நிமிடம் ஃபோன்.

"மறுபடியுமா?"

"ஆமா."

"ரப்பர் போயிருக்கும். பாருங்க."

"பாக்கறேன். சுண்டு எப்படி இருக்கா?"

"ஸ்கூலுக்குக் கிளம்பறா."

முப்பத்து நான்கு வினாடி. முன்னேற்றம்.

மார்ச் 10, செவ்வாய்

41 வினாடி.

மார்ச் 12, வியாழன்

துவைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வேண்டுமென்றேதான். "துணியை எடுங்க, நாத்தம் பிடிச்சுக்கும்" என்று செய்தி வந்தது. சாயங்காலம் எடுத்தேன். நாற்றம் இல்லை. ஆனால் மகளுடைய சிவப்புத் துண்டு ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. என் சீருடைச் சட்டைகள் மூன்றும் ரோஜா நிறம்.

இதற்கு அவளுக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. மெஷினுக்கு நிறம் தெரியாது போலிருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

ரோஜா நிறச் சட்டையில் வேலைக்குப் போனேன். லிஃப்டில் வந்த ஒரு அம்மா, "கம்பெனி மாறிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

சகலை கூப்பிட்டார். அவள் அக்காவின் கணவர். அந்த வீட்டில் என்னோடு பேசுவதற்கு மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான்.

"சகலை, தினம் காலையில ஏழு மணிக்கு இங்க டிங்குனு அடிக்குது. என் தூக்கம் போச்சு. ஒண்ணு புது ஃப்ரிட்ஜ் வாங்கு, இல்ல நேர்ல வா."

"ரப்பர் போயிருச்சு."

"யாருக்கு?"



"அவ சிரிக்கறாளா?" என்று கேட்டேன்.

"இல்ல. உன் பொண்ணுதான் சிரிக்குது."

மார்ச் 17, செவ்வாய்

1 நிமிடம் 5 வினாடி. நாளை பதினோரு மணிக்கு மெக்கானிக் வருவார், வீட்டில் இருங்கள் என்றாள். அங்கேயிருந்தே பதிவு செய்துவிட்டாளாம். "வேண்டாமே" என்றேன். "ஏன் வேண்டாம்?" என்றாள். அந்த ஒரு நிமிடம் ஐந்து வினாடியில் பெரும்பகுதி, அதற்கு நான் சும்மா இருந்தது.

மார்ச் 18, புதன்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நான்கு மூலையிலும் இழுத்துப் பார்த்தார். எங்கும் வரவில்லை. குனிந்து சென்சாரைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"அப்ப உங்களுக்கே தெரியுமே."

"தெரியும்."

"பின்ன எதுக்கு சார் என்னை வரச் சொன்னீங்க?"

"நான் சொல்லலை. என் மனைவி சொன்னாங்க."

"அவங்க எங்க?"

"அக்கா வீட்ல."

அவர் தண்ணீர் கேட்டார். ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, என்னைக் கேட்காமல் அவரே கதவை மூடினார். பிறகு கையிலிருந்த சின்னக் கருவியில் அறிக்கையைத் தட்டினார். எட்டிப் பார்த்தேன்: "பழுது எதுவும் இல்லை. உபயோகிப்பவர் கதவைத் திறந்து வைக்கிறார்."

"இதை மாத்த முடியாதா?" என்று கேட்டேன்.

"அனுப்பியாச்சு சார். பதிவு பண்ணினவங்களுக்குப் போயிடும்."

மார்ச் 19, வியாழன்

இருபது நிமிடம் திறந்து வைத்தேன். பால் கெட்டது. அவள் கூப்பிடவில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஒரே வரி வந்தது. "இனிமே எல்லாம் உங்க நம்பருக்கே வரும்." கீழே கடவுச்சொற்கள். பிழை இல்லாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக.

இதற்கு என்ன அர்த்தம் என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

மார்ச் 23, திங்கள்

இன்று மட்டும் முப்பத்தெட்டுச் செய்திகள். வாசல் பூட்டின் பேட்டரி குறைகிறது. ஆமை மாட்டிக்கொண்டது. ஆமை விடுபட்டது. ஆமை மாட்டிக்கொண்டது. காரின் பின்பக்க இடது டயரில் காற்று கம்மி. தண்ணீர் வடிகட்டியை மாற்றவும். ஒன்பதாவது மாடியில், லிஃப்ட் பெட்டிக்கு மேலே ஒரு கையால் தொங்கிக்கொண்டிருக்கும்போது, உங்கள் துணி துவைத்து முடிந்தது என்கிறது. முடிந்தால் முடியட்டுமே! எனக்கு எதற்கு?

மூன்று நாளிலேயே எனக்கு இந்தக் கதி. அவள் ஒரு வருடமாக இதையெல்லாம் லாக்கரிலிருந்து மொத்தமாக எடுத்து, வீடு வரும் வழியில் ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். நம் வீட்டில் எதுவுமே கெட்டுப்போவதில்லை என்று அண்ணனிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 26, வியாழன்

மதியம் கல்லூரிக்கு ஃபோன் செய்தேன். காரை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு. எதற்குப் பொத்தான் என்று தெரியவில்லை. அலுவலகத்தில் ஒரு அம்மா எடுத்தார். மனைவியின் பெயரைச் சொல்லி, ஜனவரியில் அவருக்கு வந்த இடத்தைப் பற்றி என்றேன்.

"அது போயிடுச்சே சார். ஜூன்ல அடுத்த பேட்ச் இருக்கு."

"அதுக்கு எப்படி விண்ணப்பம் போடணும்?"

ஏதோ தட்டும் சத்தம்.

"அவங்கதான் போன வாரமே நேர்ல வந்து குடுத்துட்டாங்களே. இடமும் உறுதியாயிடுச்சு. நீங்க யாரு?"

"வீட்டுக்காரர்."



"ஜனவரியில எங்கிட்டப் பேசினது நீங்கதானா?"

"ஆமா."

"இந்தத் தடவை உங்க நம்பர் குடுக்கலை சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

மார்ச் 28, சனி

ஏன் சொன்னேன் என்று யோசித்தேன். அவள் போய்விடுவாள் என்ற பயமா? இல்லை. அவ்வளவெல்லாம் நினைக்கவில்லை. அவள் அங்கே தங்கிப் படித்தால் திங்கள் முதல் வெள்ளி வரை எனக்குக் கஷ்டம். அவ்வளவுதான். அவ்வளவுதானா? ஆமாம், அவ்வளவுதான். பெரிய காரணம் இருந்தாலாவது சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 29, ஞாயிறு

போனேன்.

வழி தெரிந்த வழிதான். இருந்தாலும் வழிகாட்டியை ஓடவிட்டேன், காரில் யாராவது பேசட்டும் என்று. இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும் என்றது. பயத்தில் திரும்ப மறந்தேன். வேறு பாதை தேடுகிறேன் என்றது. குரலில் வருத்தமே இல்லை. அதைப் போல இருக்க முடிந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்றேன். "காருக்குள்ள எல்லாருக்கும் கேக்கற மாதிரிதானே தெரிஞ்சுது. இங்கயே சொல்லுங்க" என்றாள்.

நின்றபடியே சொன்னேன். "உனக்கு வந்த ஃபோன். உன்னைக் கேக்காம நான் வேண்டாம்னு சொன்னேன். வசதிப்படாதுன்னு சொன்னேன். வசதிப்படாதது எனக்கு. உன் பேர்ல சொல்லிட்டேன். அப்புறம் மறைச்சேன். தப்பு."

வழியெல்லாம் இன்னும் நீளமாகத் தயாரித்திருந்தேன். மிச்சம் வரவில்லை.

அவள் கேட்டாள்: "அதுக்கு ஃப்ரிட்ஜை ஏன் திறந்து வெச்சீங்க?"

"வேற எதுக்கும் நீ கூப்பிடலை."

"நீங்க கூப்பிட்டிருக்கலாமே?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். "அது தோணலை" என்றேன்.

சகலை சத்தமாகச் சிரித்தார். தான் மட்டும்தான் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் எழுந்து மின்விசிறியைக் கூட்டினார்.

"ஜூன்ல சேரப்போறேன்" என்றாள். "திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அங்கதான் இருப்பேன். உங்களைக் கேக்கலை, சொல்றேன். சுண்டு அந்த நாள்ல எங்க இருக்கணும்னு அவகிட்டயே கேளுங்க."

மகளுக்கு ஒன்பது வயது. என்னை நேர்காணல் செய்தாள்.

"தலை பின்னத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

"ஸ்கூலுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

"எட்டு."

"ஏழே முக்கால்" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

ஏப்ரல் 5, ஞாயிறு

பின்னல் பயிற்சி. தரை துடைக்கும் மாப்பின் நூலில். இரும்புக் கயிற்றை முறுக்கி இணைக்கத் தெரிந்தவனுக்கு இது வராமல் போகாது என்று நினைத்தேன். வரவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

நானாகவே கூப்பிட்டேன். என்ன விஷயம் என்றாள். விஷயம் ஒன்றுமில்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். ஆனால் எடுத்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மாப்பில் பின்னல் வந்துவிட்டது. படம் எடுத்து அனுப்பினேன். "மாப்புக்குத் தலை ஆடாது" என்று மகள் பதில் அனுப்பியிருக்கிறாள்.

மே 2, சனி

வந்தார்கள். அதே மூன்று பைகள். அவள் வீட்டைச் சுற்றி வந்தாள். ரோஜாச் சட்டைகளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. வடிகட்டி மாற்றியிருப்பதைப் பார்த்தாள், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. செய்திகளைத் திரும்பத் தன் எண்ணுக்கு மாற்றச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் அறையில் படுக்காமல் மகளோடு படுத்துக்கொண்டாள். சரிதான்.

மே 24, ஞாயிறு

இன்று என்னைத் திட்டினாள். காரைக் கோணலாக நிறுத்தியதற்கு. முழுதாக ஐந்து நிமிடம், பழையபடி. நான் குறுக்கே பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஜூன் 8, திங்கள்

விடிந்ததும் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஏறியவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடம் பிடிக்கும் அவசரம்.

மகளுக்குத் தலை பின்னினேன். தலை ஆடியது. இடது பின்னல் வலதைவிட இரண்டு அங்குலம் மேலே. "பரவால்ல, ஒரு பக்கமா நின்னுக்கறேன்" என்றாள். ஏழு ஐம்பதுக்குப் பள்ளி வாசலில் இருந்தோம். ஐந்து நிமிடத் தாமதம், என் பெயரைக் காவலாளி எழுதிக்கொண்டார்.

மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டாள். வகுப்பில் மொத்தம் இருபத்திரண்டு பேராம், மற்ற எல்லோருக்கும் இருபது வயதுக்குள்தானாம், ஆசிரியைகூட இவளைவிடச் சின்னவளாம். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்களாம், புது டீச்சர் என்று நினைத்து. இவளும் பதற்றத்தில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டாளாம். விடுதியில் ஜன்னலோரக் கட்டில். கரப்பான் இருக்கிறது. பாடம் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை, ஆனால் புரியாத பாதிதான் பிடித்திருக்கிறது என்றாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். சாப்பாடு ஆறிவிட்டது.

"சரி, நீங்க சொல்லுங்க" என்றாள்.

சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொன்னேன்.