ரப்பர் கொட்டையும் கொட்டாம்பாவும்

அம்மா,

துவைக்க எடுத்த தம்பியின் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் மரத்துக் கொட்டை விழுந்தது. பாதி ஓடுதான். உள்ளே பருப்பு இல்லை. தூக்கம் வராததால்தான் போர்வைக்குள் டோர்ச் பிடித்து எழுதுகிறேன். அப்பா பார்க்கக் கூடாது. உங்கள் பேச்சை எடுத்தால் அன்று அவர் சாப்பிடுவதில்லை.

வெயில் ஏறினால் காய் வெடித்து, நம் லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் கொட்டைகள் டக்கென்று விழுமே, ஞாபகமா? பழுப்பில் வெள்ளிக் கோடுகள், எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. பள்ளிக்கூடத்து வாதுமை மரத்தடியில் கொட்டாம்பாவைப் பொறுக்கி, உடைத்துப் பருப்பைத் தின்று பழகியவள் நான். இதன் பருப்பும் அதே மாதிரி வெள்ளையாக இருந்தது. விஷமென்று தெரியாமல் தின்றுவிட்டேன்.

ரப்பர் பால் வாளியோடு வந்த நீங்கள் என் கையிலிருந்த கொட்டையின் ஓட்டைப் பார்த்தீர்கள். வாளி பாதையிலேயே விழுந்தது.

"ஏய், பால் கொட்டுது பாரு!" என்று கங்காணி கத்தினார்.

"கொட்டட்டும் கங்காணி, எம்புள்ளய பாருங்க!"

என்னிடம் மட்டும் குரலை இறக்கினீர்கள். "கொட்டாம்பா மாதிரி இனிச்சுச்சா கண்ணு? எத்தன தின்ன?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும், "ரெண்டும்மா" என்று வந்துவிட்டது. "மல்லி, இக்மணட!" என்று திரீவீலர்காரரைச் சிங்களத்தில் அவசரப்படுத்தி, தெரணியகலை ஆஸ்பத்திரி வரை என்னை மடியிலேயே வைத்திருந்தீர்கள்.

திரும்பி வரும்போது கேட்டேன்: "ஏம்மா திட்டல?"

"திட்டுனா பொய் சொல்லுவ. அப்புறம் டாக்டருக்கு என்னத்த சொல்றது? அழகா இருந்தா கையில வச்சுக்க, வாயில வைக்காத."

இன்றிரவு தம்பியை எழுப்பியபோது முதலில் கத்தத்தான் வந்தது. உங்களை நினைத்து அடக்கிக்கொண்டேன். அவன் முடியைக் கோதி, "கொட்டாம்பா மாதிரி இருந்துச்சாடா?" என்றேன்.

"திங்கலக்கா. பம்பரம் செய்யக் குடைஞ்சேன். பருப்ப சாக்கடக் கான்ல வீசிட்டேன்."

வாயை முகர்ந்து பார்த்தேன். தலையணைக்கு அடியிலிருந்து ஈர்க்குச்சி செருகிய இன்னொரு கொட்டையை எடுத்துக் காட்டினான்.

"நெசமா திங்கலயா?"

"அழகா இருந்தா கையில வச்சுக்க, வாயில வைக்காதன்னு நீதானே சொன்ன?" என்று சலித்துக்கொண்டு திரும்பிப் படுத்தான்.

நீங்கள் கண்மூடியபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான் அம்மா. உங்கள் குரல் அவனுக்குத் தெரியாது. விடிந்ததும் சொல்லப் போகிறேன், அது நான் சொன்னதில்லை, அம்மா சொன்னது என்று. அப்பா காதில் விழுந்தாலும் பரவாயில்லை.