மருந்தடித்த கை

இன்று காலை ஓடைப்பட்டியைத் தாண்டும்போது ஒரு திராட்சைத் தோட்டத்தில் கொடிக்கு மருந்தடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப்புக்குள் வாடை வந்தது. உன் சட்டையில் எப்போதும் இருக்கும் வாடை.

நான் முதல் செல்போன் வாங்கிய வருடம் அது. கம்பம் மெட்டு மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் என் ஜீப் பாறையில் மோதி நின்றது. வண்டியிலிருந்த ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு வளைவைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஸ்டியரிங்கில் கை நடுங்கும். வண்டியை விட்டால் வேறு தொழில் தெரியாது. தேனியில் ஒரு டாக்டர் பயோஃபீட்பேக் பயிற்சிக்கு வரச் சொன்னார். திராட்சைத் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு வாராவாரம் பஸ்ஸில் கூட வந்த கூட்டாளி நீ.

இரண்டு விரலில் வயரைக் கட்டுவார்கள். மனசு இறுகினால் விரல் வேர்க்கும், பெட்டி கீச்சென்று கத்தும். தளர்ந்தால் சத்தம் இறங்கும். "லூசா விடுங்கண்ணே" என்பார் பயிற்சி கொடுத்த பெண். நான் முக்கி முக்கி லூசாக விடப் பார்த்தேன், அது இன்னும் கத்தியது. நீதான் சொன்னாய்: "ஏலே, மூச்சுக்கு என்ன அணையா கட்டுற? மடையத் தொறந்து விடு. தண்ணி அது பாட்டுக்குப் போகும்."

நீளமாக மூச்சை விட்டேன். சத்தம் இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலாவது வாரம் விளையாட்டாக நீயும் விரலை நீட்டினாய். பெட்டி கத்தியது, நிற்கவே இல்லை. "காலையில மருந்தடிச்ச கைல்ல, அதான்" என்று விரலிலிருந்த நீலக் கறையைக் காட்டினாய். சிரித்தோம். அந்தப் பெண், "கையக் கழுவிட்டு வாங்கண்ணே, இன்னொரு தடவ பாப்போம்" என்றார். போனவன் திரும்பவில்லை. தேடி வந்தால், கீழே டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தாய். கறை அப்படியே இருந்தது.

"வைத்தியம் ஒனக்குப் பாக்கச் சொன்னாகளா, எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேன்லே" என்றாய். நானும் விட்டுவிட்டேன்.

வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரம், திராட்சைப் பந்தலுக்கடியில் நெஞ்சடைத்துச் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன் மனைவி பிறகு சொன்னார்: "மூணு மாசமா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாகண்ணே. 'அவனுக்கு இப்பத்தான் கை நடுக்கம் நின்னிருக்கு, அவன்கிட்டச் சொல்லிறாத'ன்னு சொல்லிட்டாக."

நெஞ்சு நோயை அந்தப் பெட்டி காட்டாது என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் நீ பயந்துபோயிருந்ததை அது அன்று கத்திச் சொன்னது. பழியைத் துத்தத்தின் மேல் போட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இப்போதும் மெட்டில் ஜீப் ஓட்டுகிறேன். வளைவு வந்தால் நீ சொன்ன மடையைத் திறக்கிறேன், கை நடுங்காமல் நிற்கிறது. போன மாதம் என் தம்பி நெஞ்சைத் தடவிக்கொண்டே, "எனக்கென்னண்ணே, வாயுதான்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முகம் கழுவிட்டு வர்றேன் என்றான். குழாயடி வரைக்கும் அவன் பின்னாலேயே போய் நின்றேன்.