நந்தவனக் குறுக்குத் தெருவை ஒரு தீவாக அறிவிக்கக் கோருதல்

அனுப்புநர்:
அ. ஜுவைரியா (வயது 43),
க/பெ அன்சார்,
நந்தவனக் குறுக்குத் தெரு,
மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: வங்கிச் சேவை – வெளிநாட்டில் டீ போடும் என் கணவரை நானூறு கம்பெனிகளின் முதலாளி என்று கருதி என் கணக்கை முடக்கியது – அவர் நேரில் வரவேண்டிய தேதியை மாற்றித் தரவும், அது இயலாவிடில் எங்கள் தெருவை ஒரு சிறிய தீவாக அறிவிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: வங்கியின் ராஜபாளையம் கிளை மேலாளர் எனக்கு அனுப்பிய கடிதம், நாள்: 12.01.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் முதலில் போனேன். பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு எதுவானாலும் எழுதுவேன், தீவெல்லாம் எழுத மாட்டேன் என்று அவர் பேனாவை மூடிவிட்டார். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தமிழை நம்பி நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நீளமாக இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளவும்.

1. நான் ராஜபாளையத்தில் உள்ள ஒரு நைட்டிக் கம்பெனியிலிருந்து வெட்டிய துணிகளை வாங்கி வந்து வீட்டில் தைத்துக் கொடுப்பவள். என் கணவர் அன்சார் மூன்று ஆண்டுகளாகக் கடல் கடந்த ஒரு தீவில் வேலை பார்க்கிறார். அந்தத் தீவின் பெயரை அடித்தாலே கணினித் திரை சிவப்பாகிவிடுகிறது என்று கிளை மேலாளர் திரு. ராஜரத்தினம் அவர்கள் கூறியிருப்பதால், தங்கள் அலுவலகக் கணினியின் நலன் கருதி இம்மனுவில் அதை ‘அத்தீவு’ என்றே குறிப்பிடுகிறேன். நம் ஊரிலிருந்து சோழபுரம் போய்ச் சேருவதற்குள் அந்த நாடு முடிந்து கடல் வந்துவிடும் என்பார் என் கணவர். அங்கே பருத்தி விளையாது, கரும்பு விளையாது. கம்பெனி விளைகிறது.

2. அவர் வேலை பார்ப்பது ஒரு மாடிக் கட்டடத்தில். அதில் ஒரு கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பலகை. அந்தப் பலகையில் நானூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் பொடி எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு மேசை, ஒரு அம்மாள், ஒரு பூந்தொட்டி. என் கணவர் அந்த அம்மாளுக்கும், வந்து போகும் வக்கீல்கள், வங்கி அதிகாரிகளுக்கும் டீ போட்டுக் கொடுக்கிறார். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். நானூறு கம்பெனிகளுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்பது டீக்கு மேல் போனதில்லை என்று சொல்லியிருக்கிறார். செட்டியார்பட்டி விலக்கில் உள்ள தள்ளுவண்டிக் கடையில் இதைவிட அதிகம் போகும்.

3. வெளிநாடு போன எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போட்டோ அனுப்பும் முறையைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். முதலாளியின் காரில் சாய்ந்து நிற்பார்கள். யார் வீட்டுப் பளிங்குப் படியிலோ கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணம் கிடையாது. படுக்கும் இடத்தைப் படம் பிடித்து அனுப்பினால் வீட்டில் சோறு இறங்காது என்பதற்காகச் செய்வது. வாங்கிப் பார்க்கும் நாங்களும் காரைப் பார்ப்பதில்லை, ஆள் இளைத்திருக்கிறாரா என்றுதான் பார்ப்போம். என் கணவருக்குச் சாய்வதற்குக் கார் கிடைக்கவில்லை. ஆகவே லிப்ட் ஓட்டுபவரின் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, அந்தப் பித்தளைப் பலகைக்கு முன்னால் கையைக் கட்டி நின்று ஒரு போட்டோ அனுப்பினார். ஆள் இளைத்துத்தான் இருந்தார். கோட்டு அதை மறைத்துவிட்டது.

4. சென்ற டிசம்பரில் வங்கியிலிருந்து கூப்பிட்டு, அத்தீவிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறதே, கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். சம்பளச் சீட்டைக் கொடுத்தேன். அது வெள்ளைத்தாளில் இருக்கிறது, முத்திரை இல்லை என்றார்கள். வீட்டில் இருந்ததிலேயே நல்ல ஆதாரம் அந்தப் போட்டோதான். பெரிதாக்கி, லேமினேஷன் செய்து, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேலாளர் அவர்கள் கண்ணாடியைக் கழற்றி, போட்டோவை மூக்கருகே வைத்துப் பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்கள். பிறகு எழுந்து நின்றார்கள். எனக்கு நாற்காலி போடச் சொன்னார்கள். காபி வந்தது. அந்த வங்கியில் பதினொரு ஆண்டுகளாக வரவு செலவு செய்கிறேன், எனக்குக் காபி தந்தது அதுவே முதல் முறை. காபி நன்றாக இருந்தது என்பதை நியாயம் கருதி இங்கே பதிவு செய்கிறேன். வெளியே வரும்போது காவலர் கருத்தப்பாண்டி கதவைத் திறந்துவிட்டு, “ஏக்கா, நீங்க அம்புட்டுப் பெரிய ஆளா? இது தெரியாம ஒங்களுக்கும் பேனாவைக் கயித்துல கட்டில்லா வச்சிருந்தோம்” என்று வருத்தப்பட்டார்.

5. அடுத்து வந்ததுதான் பார்வையில் கண்ட கடிதம். நான் ‘உயர் இடர் வாடிக்கையாளர்’ என்றும், என் கணவர் நானூறு நிறுவனங்களின் மறைமுக உரிமையாளராக இருக்கலாம் என்றும், ஆகவே கணக்கு முடக்கப்படுகிறது என்றும் அதில் கண்டிருந்தது. கோட்டு இரவல் என்று எடுத்துச் சொன்னேன். எழுத்தில் வேண்டும் என்றார்கள். லிப்ட் ஓட்டுபவர் நல்ல மனிதர், பிலிப்பைன்ஸ்காரர். ‘கோட்டு என்னுடையது, அன்சாருக்குக் கோட்டு கிடையாது’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். அதையும் கொடுத்தேன். லிப்ட் ஓட்டுபவர் யாருடைய பினாமி என்று இப்போது கேட்கிறார்கள்.

6. அத்தீவில் வங்கிச் சேவை எப்படி நடக்கிறது என்பதை டீ கொடுக்கப் போகும்போது காதில் விழுந்த அளவில் என் கணவர் சொல்லியிருக்கிறார். தங்கள் மேலான கவனத்துக்காக அதைத் தருகிறேன். அங்கே கணக்குத் தொடங்க வாடிக்கையாளர் வரவேண்டியதில்லை, வக்கீல் வந்தால் போதும். சொந்தப் பெயரைப் போட விருப்பமில்லை என்றால் பெயர் வாடகைக்குக் கிடைக்கும். மேசையில் இருக்கும் அந்த அம்மாளே அறுபது கம்பெனிகளுக்கு இயக்குநர். அவை என்ன தொழில் செய்கின்றன என்று என் கணவர் ஒரு முறை கேட்டதற்கு, செடி வாடுகிறது பார் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்குத் தபால் வருவது பிடிக்காதவர்களின் தபாலை வங்கியே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கும். இன்னாருக்கு இங்கே கணக்கு உண்டா என்று யார் கேட்டாலும் உண்டு என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். எந்தக் கணக்கின் சொந்தக்காரரையும் என் கணவர் இதுவரை கண்ணால் கண்டதில்லை. வந்திருந்தால் பத்தாவது டீ போட்டிருப்பார்.

எங்கள் கிளையிலோ என் விரல் ரேகையை எந்திரம் ஏற்காது. ஊசி குத்தித் தேய்ந்த விரல். ரகசியம் காக்கும் முறையும் வேறு. ஜனவரி மாதம் கூட்டம் நிறைந்திருந்த வேளையில், “அந்த வெளிநாட்டு ரகசியக் கணக்கு அம்மா யாரு? செத்த இங்கிட்டு வாங்க” என்று கவுண்டரிலிருந்து கூப்பிட்டார்கள். நான் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்குவதற்குள் செய்தி எனக்கு முன்பே வந்து தெருவில் உட்கார்ந்திருந்தது. நைட்டிக் கம்பெனியில் துணி பிரித்துக் கொடுக்கும் செல்வலட்சுமி, “ஒங்களுக்கு எதுக்குக்கா இந்தப் பீஸ் ரேட்டு வேலை, கஷ்டப்பட்டவிய யாருக்காச்சும் குடுப்போம்” என்று என் துணிக்கட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். அவள் நல்ல மனதோடுதான் செய்தாள், அதனால் சண்டை போடவும் வழியில்லை.

7. இனி, நான் இம்மனுவை எழுதுவதன் காரணம். என் மகள் ஃபரீதாவுக்கு வரும் 12.04.2026 ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பெண்ணைப் பெற்றவர் சபையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தருகிறேன் என்று தம் வாயால் சொல்ல வேண்டும். என் கணவருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் ஒரு மாத விடுப்பும் டிக்கெட்டும். அந்த ஒரு விடுப்பை அவர் இதற்காகத்தான் வைத்திருந்தார். வங்கியோ, அவர் 27.02.2026 அன்றோ அதற்கு முன்போ கிளைக்கு நேரில் வந்து முகம் காட்ட வேண்டும், இல்லையேல் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படும் என்கிறது. பிப்ரவரியில் வந்தால் ஏப்ரலில் வர முடியாது. நிக்காஹை முன்னால் வைக்கலாம் என்றால் இடையில் நோன்பு வருகிறது. மாப்பிள்ளை முகமது ரியாஸும் குவைத்தில் இருக்கிறார், அவருக்கும் விடுப்பு ஏப்ரலில்தான். கணக்கில் இருப்பதோ கல்யாணத்துக்கென்று என் கணவர் மூன்று ஆண்டுகளாக அனுப்பிய பணம் முழுவதும். அதை விட்டுவிட்டும் கல்யாணம் நடத்த முடியாது.

8. நிக்காஹ் முடிந்த மறுநாள் காலை, கிளையின் கதவு திறக்கும் முன்பே அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். கணினியில் விழுந்த தேதியை மாற்ற முடியாது என்றார். வீடியோ காலில் பாருங்கள் என்றேன். “அதெப்படிம்மா, ஆளை நேர்ல பாக்காம எதை வச்சு நம்புறது?” என்றார். அப்படியானால் நிக்காஹுக்கு அவர் இல்லாமல் போய்விடுவாரே என்றேன். மேலாளர் அவர்கள் சற்றும் தயங்காமல், “அதை வீடியோ கால்ல வச்சிக்கிடலாமேம்மா, இப்பம் எல்லாரும் அப்படித்தான செய்தாக” என்றார். அவர் கெட்டவர் அல்ல. எனக்கு இரண்டாவது முறையாகக் காபியும் வாங்கித் தந்தார். தலைமை அலுவலகத்துக்குப் பயப்படுகிறார், அவ்வளவுதான். ஆனால் பணத்துக்கு ஆள் வேண்டும், மகளுக்குப் படம் போதும் என்பது வங்கியின் விதியா, அவருடைய சொந்தக் கருத்தா என்று எழுத்து மூலம் கேட்டிருந்தேன். இன்று வரை பதில் இல்லை. எனக்கு இதில் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

9. ஆகவே மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் வழியாகவோ, தாங்கள் அறிந்த வேறு வழியாகவோ, 27.02.2026 என்ற தேதியை 13.04.2026 என்று மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். கணினியின் மனம் இளகாது என்றால், எங்கள் நந்தவனக் குறுக்குத் தெருவை ஒரு சிறிய தீவாக அறிவித்து, அத்தீவில் கிடைக்கும் வங்கிச் சேவைகள் அனைத்தும் எங்களுக்கும் கிடைக்க ஆவன செய்யவும். தகுதி இல்லாமல் கேட்கவில்லை. சென்ற நவம்பர் மழையில் தெருவைச் சுற்றி நான்கு பக்கமும் தண்ணீர் நின்றது. கணக்கெடுக்க வந்த நகராட்சி ஊழியர், பிளாஸ்டிக் டிரம்மில் பலகை கட்டி மிதந்து வந்துதான் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார். தீவு என்பதற்கு அரசு ஊழியர் ஒருவரே சாட்சி. கதவு என் வீட்டில் ஒன்று இருக்கிறது. பித்தளைப் பலகை செய்துவிடலாம். பூந்தொட்டியில் துளசி இல்லை, கற்றாழை இருக்கிறது. நம் மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் எவரேனும் கம்பெனி வைக்க விரும்பினால் அவ்வளவு தூரம் பறக்கும் செலவு அவர்களுக்கு மிச்சம். டீ நான் போட்டுத் தருகிறேன். யார், எவர் என்று கேட்கவும் மாட்டேன்.

10. இது அவசர மனு என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற வெள்ளிக்கிழமை நான் துணி வாங்க ராஜபாளையம் போயிருந்த நேரத்தில், என் மகள் அவளாகவே தகப்பனாருக்குப் போன் செய்திருக்கிறாள். “அத்தா, நீங்க பேங்குக்கே வந்துட்டுப் போங்க. நிக்காஹுக்குப் பெரியத்தா இருக்காக, அவிய சொல்லிருவாக” என்று சொல்லியிருக்கிறாள். பெரியத்தா என்பது என் கணவரின் அண்ணன் பீர் முகமது. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. இரவு என் கணவர்தான் போனில் சொன்னார். மகள் சொன்னபடியே பிப்ரவரி 26ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டார். வருகிற வாரக் கடைசி வரை அதை மாற்றலாம், அதன் பிறகு முடியாது.

நான் ஃபரீதாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் அழவில்லை. அன்றிலிருந்து என் பங்கு நைட்டிகளையும் சேர்த்து அவளே தைக்கிறாள். அவர் விமானம் ஏறிய நாளில் அவளுக்குப் பத்தொன்பது வயது. இந்த முறை ஊருக்கு வந்து, வங்கிக்குப் போய், தான் டீ போடுகிறவன்தான் என்று நிரூபித்துவிட்டு அவர் திரும்பிவிட்டால், அடுத்த முறை மகளைப் பார்க்க அவர் இன்னொருவர் வீட்டு வாசலில் போய்க் காலிங்பெல் அடிக்க வேண்டும்.

ஐயா, வங்கி அவரை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர் யார் என்று தெரிந்துகொள்வதற்காக. என் மகளுக்கு அது தெரியும். அவளுக்கு அவர் வந்து நின்றால் போதும். முதலில் அவள் பார்க்கட்டும். மறுநாள் வங்கி பார்க்கட்டும்.

இந்த ஒரு தேதிக்காகத் தங்கள் கையெழுத்தை எதிர்பார்த்திருக்கும்,

அ. ஜுவைரியா
(ஒப்பம்)

இடம்: ஸ்ரீவில்லிபுத்தூர்
நாள்: 02.02.2026