களியை இன்று நீங்களே கிண்டுங்கள்

சோல்வே அப்பாவுக்கு,

நீங்கள் மாட்டுப் பட்டியிலிருந்து திரும்பும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். சோல்வேயைச் சைக்கிளில் ஏற்றி, பரீட்சை எழுதக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நேற்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று என்ன சொன்னீர்கள்? "லுயாண்டோ பொண்ணு மாட்டு வைத்தியம் படிச்சிட்டு வந்து ஊசி போடலேன்னா நம்ம ஊர்ல ஒரு கன்னுக்குட்டி மிஞ்சியிருக்காது. பொண்ணுங்களைப் படிக்க வையுங்கப்பா" என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் அசடு மாதிரி தட்டினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "நாளைக்குத் தம்பி வீட்டுலேருந்து வர்றாங்க. சோல்வே இருந்து சமைக்கட்டும், பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்கிறீர்கள். லுயாண்டோவின் அப்பாவும் இப்படி அவளை நிறுத்தியிருந்தால் நம் கன்றுகளுக்கு யார் ஊசி போட்டிருப்பார்கள்? கேட்டேன். பதிலுக்குக் குறட்டை விட்டீர்கள்.

சோளமாவு பெரிய பானையில் இருக்கிறது. களி கட்டிதட்டினால் உங்கள் தம்பி ஒன்றும் செத்துப்போக மாட்டார். கீரையில் வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைத்துவிட்டேன், சூடு பண்ணினால் போதும். அவர்கள் வந்ததும் குடுக்கையில் இருக்கிற சிப்வாந்துச் சோளக்கூழை ஊற்றிக் கொடுங்கள், நன்றாகப் புளித்திருக்கிறது. களஞ்சியச் சாவி கதவுக்கு மேலே.

தம்பி கேட்டால் எதையாவது சொல்லி மழுப்பாதீர்கள். மகள் பரீட்சை எழுதப் போயிருக்கிறாள் என்றே சொல்லுங்கள்.

இன்னொன்று. அடுப்போரம் மூடியிருக்கிற டீ சோல்வே போட்டது. உங்களுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரையை அள்ளிப் போட்டிருக்கிறாள். அவளுக்கு உங்கள்மேல் கோபம் இல்லையாம். எனக்கு இருக்கிறது.