சட்னி மெஷினின் ரப்பர் வளையம்

பிப்ரவரி 24, திங்கள்
லேபில் எங்கள் புது கிருமிநாசினி மருந்தைச் சோதிக்க நிஜ கிச்சன் தேடுகிறார்கள். சுவாமிநாதன் அங்கிள் பேரைக் கொடுத்தேன். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் என் மனைவி வள்ளியின் வளைகாப்புக்கு கேட்டரிங் செய்தவர். அந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அவளுக்குக் காய்ச்சல். சாப்பாட்டில் வளரும் லிஸ்டீரியா கிருமி என்றார்கள். முதலில் குழந்தை. பிறகு அவள்.
அவர் கிச்சன்தான் என்று நிரூபிக்க ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. இப்போது உள்ளே போக வழி கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 26, புதன்
அங்கே பஞ்சுக் குச்சியால் துடைத்து ஸ்வாப் எடுத்தேன். சட்னி மெஷின் மூடியில் ஒரு ரப்பர் வளையம்.
"அதைக் கழட்டவே மாட்டோம்ப்பா. மேலாக்க வெந்நீர் ஊத்தி க்ளோரின் அடிச்சிடுவோம்" என்றார் அங்கிள்.
நெம்பிப் பார்த்தேன். அடியில் கொழகொழவென்று பயோஃபிலிம். கிருமிகள் தாங்களே நெய்து போர்த்திக்கொள்ளும் போர்வை. க்ளோரின் மேலேயே வழிந்துவிடும். எங்கள் மருந்து அதைக் கரைக்கும்.
போடவில்லை. வளையத்தைத் திரும்ப மாட்டினேன்.
"சாப்ட்டுப் போப்பா, ரொம்ப இளைச்சுட்டே."
சிரிச்சேன். எப்படிச் சிரிச்சேன்?

மார்ச் 5, புதன்
ஸ்வாப் ரிசல்ட் வந்தது. வள்ளி ரத்தத்தில் இருந்த அதே லிஸ்டீரியா. அச்சு அசல்.
மாட்டினே, அங்கிள்.

மார்ச் 6, வியாழன்
என் ஸ்வாப் செல்லாதாம். ஹெல்த் இன்ஸ்பெக்டரே எடுக்கணும், செவ்வாய் வருகிறார். அங்கிளுக்குத் தெரிந்தால் தேய்த்துக் கழுவிவிடுவார், ஆதாரம் போச்சு. அதுவரை அது உயிரோடு இருக்கணும். கிருமியைக் கொல்லப் படிச்சவன் அதுக்குக் காவல்.
அவர் கடையை மூடணும். கோயில் பக்கமே அந்த ஆள் தலைகாட்டக் கூடாது.

மார்ச் 7, வெள்ளி
மருந்து ட்ரயலைத் தள்ளி வைக்கலாம் என்று சொல்ல அங்கிளுக்கு போன் பண்ணினேன்.
"நல்லதாப் போச்சுப்பா. நாளைக்கு நம்ம விஷாகா வளைகாப்பு. இட்லி, சட்னி."
விஷாகா. வள்ளி கையில் முதல் வளையல் போட்டவள்.
சாப்பிடற எல்லாருக்குமா வருது? ஒரே ஒரு நாள்தானே—
ச்சீ.
மருந்தை எடுத்துக்கொண்டு டிரைவ் பண்ணிப் போனேன். வளையத்தைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். "வள்ளியைக் கொன்னது இதுதான் அங்கிள். தேய்ங்க."
நானே மருந்தை ஊற்றினேன். தேய்த்தார். சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். போதும்னு நான் சொல்லலை.

மார்ச் 18, செவ்வாய்
இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்: லிஸ்டீரியா இல்லை. கேஸ் முடிந்தது.
மருந்து நல்லா வேலை செய்யுது, வள்ளி. லேபுக்கு நானேதான் எழுதிக் கொடுத்தேன். அவரை மன்னிக்கலை.
விஷாகா கொடுத்தனுப்பிய தாம்பூலப் பை கார் சீட்டிலேயே கிடக்கிறது. உள்ளே கண்ணாடி வளையல்கள். பிரேக் போடும்போதெல்லாம் சத்தம் கேட்குது.