பெண் கை பட்ட சீட்டு

ராஜபாளையம்,
10.1.1992

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சீட்டு வித்தையை விட்டால்தான் நீங்கள் பொங்கலுக்கு வீடு திரும்புவீர்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் சின்ன மகன் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். விடமாட்டேன்.

நீங்கள் கிளப்புக்குச் சீட்டாடப் புறப்படும்போது சீட்டுக்கட்டை எடுத்துத் தந்தால்கூட, “ஏட்டி, கீழ வையி! பொம்பள கை பட்டா சீட்டு சேராது” என்பீர்கள். இப்போது சீட்டு வித்தைப் புத்தகம் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தும், வாடகை வீடியோவில் வெள்ளைக்கார வித்தைக்காரன் கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் பழகிவிட்டேன். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி, தான் ஒளித்த சீட்டு என் கையில் இருப்பதைப் பார்த்து, “ஆத்தாடி, இனிமே உங்க வீட்டுல காப்பி குடிக்கவே பயமா இருக்கு மதினி” என்றாள்.

பொங்கலன்று தெருவில் எல்லோர் முன்னாலும் செய்யப்போகிறேன். பேரப்பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

வாருங்கள். ஆனால் எல்லோரும் கைதட்டும்போது நீங்களும் தட்ட வேண்டும். முடியாதென்றால் அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி