பச்சை அட்டையில் சிவப்பு எழுத்து

17-1-1958, வெள்ளி. திருப்பதி

பொங்கல் முடிந்து சித்தூரிலிருந்து காலை பஸ். புத்தலப்பட்டு தாண்டுவதற்குள் இரண்டு பேர் சண்டை: மாநில எல்லையைத் திருத்தினால் எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும், எது மெட்ராசுக்குப் போகும் என்று. இருவருக்கும் ஒன்றும் தெரியாது. என் தூக்கம் போனதுதான் மிச்சம்.

பி.எஸ்சி. கடைசி வருஷப் ப்ராஜெக்ட் முடிவாகிவிட்டது. எழுத்தின் நிறம் மாறினால் வாசிக்கும் வேகம் மாறுமா? லெக்சரர் அரைமனதாகத் தலையாட்டினார். பிப்ரவரி 22 அன்று கல்லூரியில் பொருட்காட்சி.

20-1

மூன்று அட்டைகள். வெள்ளையில் கறுப்பு, வெள்ளையில் நீலம், பச்சையில் சிவப்பு. ஒவ்வொன்றிலும் நூறு சொல். பாடம் மட்டும் வேறு வேறு. இல்லாவிட்டால் மூன்றாவது அட்டையை ஒப்பித்துவிடுவார்கள். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

26-1, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்து ஹாஸ்டலில் எட்டுப் பேரை உட்கார வைத்தேன். ஏழு பேர் ஒழுங்கு: கறுப்பு ஐம்பது விநாடியை ஒட்டி, நீலம் ஒன்றிரண்டு கூட, பச்சையில் சிவப்பு அறுபதுக்குள். எட்டாவது ஆள் என் அறைக்காரன் முனிகிருஷ்ணன். 50, 52, 131!

அட்டையைச் சாய்க்கிறான், கண்ணைச் சுருக்குகிறான், சொல்லுக்குச் சொல் நிற்கிறான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "தெலுங்கு ஸ்கூல்ல படிச்சவன்கிட்ட தமிழ் அட்டை குடுத்தது என் தப்பு" என்றேன், எல்லார் முன்னாலும்.

"சத்தியவேட்டுல எங்க வூட்ல இன்னா பேசறாங்க, தமிழ்தான? எங்க நைனாகிட்ட வந்து சொல்லுடா இத்த" என்று எழுந்து போய்விட்டான்.

27-1

தெலுங்கில் மூன்று அட்டை எழுதினேன். கெஞ்சியபின் வந்து உட்கார்ந்தான். கறுப்பு 49. நீலம் 51. பச்சையில் சிவப்பு 128.

மொழி இல்லை. கண்.

நேற்றே தெரிந்திருக்க வேண்டும். தமிழ்க் கறுப்பு அட்டையை ஐம்பது விநாடியில் படித்தவனுக்கா தமிழ் வராது? எண் என் கையிலேயே இருந்தது. ஊரெல்லாம் யார் தமிழ், யார் தெலுங்கு என்று தலை எண்ணிக்கொண்டிருக்கிறது. எனக்கும் அதுதான் முதலில் வாயில் வந்தது. நானெல்லாம் விஞ்ஞானம் படித்து என்ன?

30-1

"உனக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியலடா" என்று நேராகவே சொன்னேன்.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றான். மிளகாய்க் கொல்லையில் பழத்தோடு காயையும் பறித்துப் போட்டு அக்கா இந்திராணியிடம் வாங்காத திட்டில்லையாம்.

பிறகு ஏன் ரயில்வேக்கு எழுதினான்? உதவி ஸ்டேஷன் மாஸ்டர் பரீட்சை பாஸ். பிப்ரவரி 13 மெட்ராசில் மெடிக்கல். பல நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படித்துக் காட்டச் சொல்வார்கள். அதே புத்தகம் எங்கள் லேப் அலமாரியில் இருக்கிறது. சாவி என்னிடம்.

"எந்தப் பக்கத்துல இன்னா நம்பர்னு மட்டும் சொல்லிக் குடு. மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

"சிக்னலையும் மனப்பாடம் பண்ணுவியா?"

"சிக்னல் கம்பத்துல கை எறங்கி இருந்தா வண்டி வரலாம், நேரா இருந்தா நிக்கணும். அதுக்குக் கலரு எதுக்குடா?"

"இருட்டினப்புறம் கை எங்க தெரியும்? வெளக்குதானே தெரியும்?"

சாவி கிடையாது என்றேன்.

1-2

பேச்சு இல்லை. ஒரே அறை.

9-2, ஞாயிறு

முனியின் அப்பா கன்னையா, ஒரு பை வேர்க்கடலையோடு ஊரிலிருந்து வந்தார்.

"எங்க ஊரு மெட்ராசுலயே கீதா ஆந்திராவுக்குப் போவுதான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேன்றான். எங்கனா போவட்டும்பா. இவனுக்கு வேலை வந்துட்டா போதும். ரயிலு ரெண்டு பக்கமும் ஓடுது இல்ல?" என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "இவன் பச்சைக் கொடி காட்டினா அம்மாம் பெரிய வண்டி நவுருமாமே. மெய்யா தம்பி?"

"மெய்தாங்க."

முனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். எதையும் முகத்துக்கு நேராகச் சொல்கிறவன் என்று பெயர் எனக்கு.

11-2

சார்ட் எழுதினேன். பொருட்காட்சிக்கு ரேணிகுண்டாவிலிருந்து ரயில்வே ஆட்களும் வருவார்களாம். எட்டாவது வரியை எழுதவில்லை.

"எட்டுப் பேர்னு சொன்னியே?" என்றார் லெக்சரர்.

"ஒருத்தன் வரல சார்."

பொய். சாவியும் கொடுக்க மாட்டேன், அவனுடைய 131ஐயும் காட்ட மாட்டேன். இதில் எது யோக்கியம்?

14-2

முனி வந்துவிட்டான். சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து சொன்னான். இத்தனை நாளில் முதல் பேச்சு.

மெடிக்கலுக்கு வரிசையில் நின்றபோது, முடித்து வெளியே வந்தவர்கள் எண்களை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம். இவனும் கேட்டு வைத்துக்கொண்டான். என் சாவி தேவையே இல்லை!

"மூணு பக்கம் கடகடன்னு சொல்லிட்டேன். டாக்டர் 'குட்'ன்னார்டா. அப்பதான் நைனா ஞாபகம் வந்துச்சு. கொடி காட்டினா நவுரும்னாரே... நெஜமாவே நவுந்துடுமேன்னு ஆயிப்போச்சு. 'ஒண்ணும் தெரியல சார், கேட்டுக்கினு வந்து சொன்னேன்'னுட்டேன்."

"திட்டினாரா?"

"இல்ல. காலைல எதனா துன்னியான்னு கேட்டார்."

நைனாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை அவனுக்கு. எனக்கும்.

பிறகு சுவரில் சாய்த்திருந்த சார்ட்டைப் பார்த்தான். "என் வரி எங்கடா?"

22-2, சனி

எட்டு வரியும் எழுதித் தொங்கவிட்டேன். லெக்சரரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஹாஸ்டல்காரர்கள் நடுவில் முனியிடம் தெலுங்கு ஸ்கூல் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "சத்தமா" என்றான். சத்தமாகக் கேட்டேன்.

131 எப்படி என்று கேட்டவர்களுக்கு அவனே அட்டையை எடுத்துப் படித்துக் காட்டினான். ஒருவர் சிரித்தார். முனி நிறுத்தவில்லை, கடைசிச் சொல்வரை படித்தான்.

முடிவு: ஏழு பேருக்கு நிறத்தால் சில விநாடி வித்தியாசம். ஒருவனுக்கு எழுத்தே மறைகிறது. ஏழு வரியோடு விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. பரிசு பெரிஸ்கோப் செய்தவனுக்கு.

8-6, ஞாயிறு

திருப்பதி. இந்திராணிக்குக் கல்யாணம். முனியும் அவன் நைனாவும் புடவை எடுக்க வந்திருந்தார்கள். என்னையும் இழுத்துப் போனார்கள். முனிக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை, தற்காலிகம்.

"டேய், இது இன்னா கலரு?" கடை முழுக்கக் கேட்கும்படி.

"அரக்கு."

கடைக்காரர் நிமிர்ந்தார். "ஏன் தம்பி, கண்ணு தெரியாதா?"

"கண்ணு நல்லாத் தெரியும்ணா. கலருதான் தெரியாது."

கன்னையா குவியலிலிருந்து அடுத்த புடவையை உருவி என் பக்கம் நீட்டினார். "இத்தயும் அவனுக்குச் சொல்லு தம்பி."